தேர்வுக்கு வராத பிள்ளைகள்

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாளில், மாவட்ட வாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியல் ஒன்றும் வெளியாகும். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர் பெயர்களை அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. நல்ல முடிவு. மாவட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் அந்த விடுதலை இன்னும் கிடைக்கவில்லை. 2025இல் மாநிலத் தேர்ச்சி 93.80 விழுக்காடு, சிவகங்கை முதலிடம் என்று செய்தி வந்ததும் மற்ற மாவட்டங்களில் ‘நாம் எத்தனையாவது?’ என்ற கேள்வி கிளம்பியது. விழுக்காடு குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஸ்பெஷல் கிளாஸ் தொடங்கிவிடும். ‘மெல்லக் கற்போர்’ என்று தனிப்பட்டியல் எழுதப்படும். 35 மதிப்பெண் எடுத்துத் தேற வைக்கும் அளவுக்குச் சுருக்கிய ‘மினிமம் மெட்டீரியல்’ நகலெடுக்கப்படும்.

இத்தனை பேரை ஓட வைக்கும் அந்த விழுக்காடு எதன் விழுக்காடு என்பதை யாரும் கேட்பதில்லை. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. பெயர் பதிந்தும் வராதவர் அதில் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடித்து அடுத்த பள்ளியில் சேரவே சேராதவரும் இல்லை. 2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்பது பெரிய செய்தியானது. விசாரித்தபோது, அவர்களில் பலர் முந்தைய ஆண்டே பிளஸ் ஒன் தேர்வுக்கு வராமல் விலகிப் போனவர்கள் என்று தெரிந்தது. பள்ளியை விட்டு அவர்கள் போய் ஓராண்டு ஆகியும் பெயர் மட்டும் பதிவேட்டில் உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு வாரமாவது அவர்கள் எண்ணப்பட்டார்கள்.

நீலகிரியை எடுத்துக்கொண்டு இதைப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை என்று எல்லோருக்கும் பொதுவான தேர்வு எதை அளக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பது சமவெளியில் மங்கலாகத்தான் தெரியும். மலையில் அது வெளிப்படையாகத் தெரிகிறது. இங்கே தேர்வு பிள்ளையின் படிப்போடு சேர்த்துப் பிள்ளையின் வீட்டு மொழியையும், வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள தூரத்தையும், அன்று காலை அந்த வழியில் யானை நின்றதா என்பதையும் அளந்துவிடுகிறது. அளந்துவிட்டு எல்லாவற்றையும் ‘கற்றல் அடைவு’ என்ற ஒரே பெயரில் பதிவு செய்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரியில் 7,35,394 பேர். சென்னையில் இரண்டு மூன்று சட்டமன்றத் தொகுதிகளில் அடங்கிவிடக்கூடிய இந்தச் சிறு மாவட்டத்துக்குள் உண்மையில் இரண்டு மாவட்டங்கள் இருக்கின்றன. கிழக்கே உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா. பாசல் மிஷன் கேத்தியில் 1846இலேயே கால் பதித்தது. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இல் தொடங்கியது. மாவட்டத்தின் முதல் கமிஷனர் பிரீக்ஸின் நினைவாக உதகையில் பிரீக்ஸ் பள்ளி 1874இல் வந்தது. படகர் ஊர்களான ஹட்டிகளில் மூன்று நான்கு தலைமுறையாகப் பள்ளிப் படிப்பு இருக்கிறது. ஆசிரியர், வங்கி அலுவலர், வழக்கறிஞர் இல்லாத ஹட்டி அரிது.

மேற்கே கூடலூர், பந்தலூர். வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியான இது 1877இல்தான் மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. இந்த மண்ணின் பழங்குடியினரான பணியர்கள் ஜன்மிகள் என்ற நிலவுடைமையாளர்களுக்குக் கொத்தடிமையாக உழைத்தவர்கள். மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவில் ஆண்டுக்கொருமுறை அவர்களை விலை பேசிக் கைமாற்றிய வழக்கம் முதியவர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. 1969இல் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டம் வந்தும் கூடலூரில் யார் நிலம் யாருடையது என்ற வழக்குகள் ஓயவில்லை. பட்டா இல்லாத நிலத்தில் மின் இணைப்புக்கும் சாலைக்கும் தடை வருகிறது. அந்தத் தடையின் கடைசிக் கண்ணியில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறது.

இவர்களுக்கு நடுவே இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதும் தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலை தர 1968இல் வனத்துறை வழியாகத் தேயிலை நடும் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. இன்று லைன் வீடுகளில் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் கொழுந்து பறிக்க வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளும் அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் தமிழில் ‘அ’ எழுதுகிறார்கள். எஸ்டேட்டில் தொழிலாளரின் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் அவர்கள் கல்விக்கு நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுமென்று விதிக்க 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. எஸ்டேட் பள்ளி என்ற ஒன்று மலையில் உருவானதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

இத்தனை பேரையும் சேர்த்து நீலகிரி மாவட்டச் சராசரி என்று ஒரு எண் வருகிறது. கிழக்கின் உயர்வு மேற்கின் பள்ளத்தை நிரப்பி மூடிவிடும். சாதிப் பிரிவு வாரியாகப் பார்த்தால் தெரியுமே என்று கேட்கலாம். ‘பழங்குடியினர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு சமூகங்கள் இருக்கின்றன. பட்டதாரிகளைக் கண்ட தோடர், கோத்தர் குடும்பங்களும், முதல் தலைமுறையாகப் பள்ளி வாசலை மிதிக்கும் காட்டுநாயக்கர் குடும்பமும் அங்கே ஒரே சராசரி. தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான். மூன்றாம் வகுப்பில் படிக்கும் தோடர் பிள்ளைகள் மாவட்டம் முழுக்க எத்தனை பேர் இருக்க முடியும்? எந்த மாதிரி ஆய்விலும் அவர்களைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லிவிட முடியாது.

மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிக்கு மதிப்புப் போடும் பழக்கம் இந்த மலைக்குப் புதிதில்லை. இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோவின் திருத்திய கல்வி விதித்தொகுப்பு வந்தது. ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தேறிய பிள்ளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். மெட்ராஸ் மாகாணமும் 1860களில் இதே முறையைக் கையிலெடுத்தது. ‘ரிசல்ட் மானியம்’ என்று அதற்குப் பெயர். 1882இல் அமைந்த ஹண்டர் ஆணையம் தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த முறையே பொதுவாக ஏற்றது என்றது. அந்தக் காலத்தில் மாகாணத்தின் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் எச்.பி. கிரிக். 1880இல் வெளியான நீலகிரி மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவரும் அவரே. மலையின் ஒவ்வொரு சமூகத்தையும் தனித்தனியாக, பக்கம் பக்கமாக விவரித்த நூல் அது. அதைத் தொகுத்தவரின் துறையோ எல்லாப் பிள்ளையையும் ஒரே அட்டவணையில் வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று எண்ணியது. இரண்டும் ஒரே மேசையில் நடந்திருக்கின்றன என்பது என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது.

ரிசல்ட் மானியத்தின் விளைவை இங்கிலாந்தில் உடனே பார்த்துச் சொன்னவர் கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ அர்னால்ட். ஆய்வாளர் கேட்கப்போகும் பாடப்புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் வாசிக்கிறார்கள் என்ற வகைக் குறைகள் அங்கே எழுந்தன. கர்சன் காலத்தில் 1904இல் வந்த கல்விக் கொள்கைத் தீர்மானம் இந்தியாவில் இந்த முறைக்கு முடிவு கட்டியது. மானியம் போனது. ரிசல்ட்டை வைத்துப் பள்ளியை எடைபோடும் மனம் மட்டும் போகவில்லை.

விடுதலைக்குப் பிறகு அந்த மனத்துக்குத் தீனி போட்டது பொதுத்தேர்வுதான். 1978இல் பிளஸ் டூ வந்து, 1980இல் முதல் தேர்வு நடந்தது. மருத்துவம், பொறியியல் இடங்கள் அந்த மதிப்பெண்ணோடு கட்டப்பட்டதும் அதன் எடை கூடியது. 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஒரு பிள்ளை பொதுத்தேர்வு எழுத வேண்டும் என்றானது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கியது. பத்தாம் வகுப்பு தேறி, பிளஸ் ஒன்னில் சறுக்கி, அதோடு எஸ்டேட் வேலைக்கோ திருப்பூருக்கோ போய்விடும் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பார்த்தால், அண்மைக் காலத்தில் எடுத்த உருப்படியான முடிவுகளில் இது ஒன்று.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றிலிருந்து நூலிழையில் தப்பினோம். 2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு நடத்தித் தேறாதவரை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. அந்த ஆண்டே செப்டம்பரில் தமிழக அரசு 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டது. முதல் மூன்றாண்டுகள் யாரையும் நிறுத்த மாட்டோம் என்றும் சொன்னது. எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரி 4 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் விதிகளை மாற்றி மீண்டும் இந்தப் பேச்சைக் கிளப்பியபோதும் தமிழகம் தன் நிலையில் நின்றது.

பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்பது நீலகிரியில் எப்படி இருந்திருக்கும்? தெங்குமரஹாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி வட்டத்து ஊர். அங்கே போக வேண்டுமானால் மலையிறங்கி ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகர் போய், காட்டுச் சாலையில் வந்து, மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் பரிசல் ஓடாது. 2019 ஆகஸ்ட் 8 அன்று இதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு ஆட்சியர் விடுமுறை விடாத ஆண்டு அரிது. பாடம் நடந்த நாட்கள் குறைவு, தேர்வு நாள் மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

பத்தாம் வகுப்புத் தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கும். முதல் பத்து நிமிடம் வினாத்தாளை வாசிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க. 10.15க்குப் பேனாவை எடுத்தால் 1.15க்கு மணி அடிக்கும். மயிலாப்பூரிலும் சேரம்பாடியிலும் இதுவே நேரம். மார்ச்சில் காடு காய்ந்து கிடக்கும். நீர் தேடி யானைகள் குடியிருப்பை ஒட்டி வரும். ஓவேலிப் பக்கத்துக் குடியிருப்புகளில் விடிந்ததும் தனியாகப் பாதையில் இறங்க யாரும் துணிய மாட்டார்கள். பெரியவர் ஒருவர் முன்னால் போய்ப் பார்த்து வந்து ‘போகலாம்’ என்று சொல்ல வேண்டும். அதற்குள் முதல் பேருந்து போய்விட்டால் அடுத்தது எப்போது என்பது அந்தத் தடத்தைப் பொறுத்தது. தேர்வறையில் கையெழுத்துப் போடும்போதே அந்தப் பிள்ளை பாதி ஓட்டம் ஓடி முடித்திருக்கும். விடைத்தாளில் இதற்கென்று எந்தக் கட்டமும் கிடையாது.

பொதுத்தேர்வு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது. தேசிய அடைவு ஆய்வும் மாநில அடைவு ஆய்வான ஸ்லாஸும் வேறு வகை. பிள்ளைக்கு மதிப்பெண் சான்று கிடையாது, தேர்ச்சி தோல்வி கிடையாது. கல்வி அமைப்பு எப்படி இருக்கிறது என்று அரசு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் முயற்சி இது. கொள்கையளவில் இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வில் நாடெங்கும் 720 மாவட்டங்கள், 1.18 லட்சம் பள்ளிகள், 34 லட்சம் மாணவர்கள். 22 மொழிகளில் வினாத்தாள். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் கொரோனா முடக்கத்துக்குப் பின் திறந்தது அதே நவம்பர் 1 அன்றுதான். இடையில் தீபாவளி, கூடவே மழை. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளியைப் பார்க்காத மூன்றாம் வகுப்புப் பிள்ளை, முதல் வகுப்பைக்கூட முழுதாகப் படித்து முடிக்காத பிள்ளை, பன்னிரண்டாம் நாள் தேசிய ஆய்வில் உட்கார்ந்தது. இருந்தாலும் அதில் ஒரு பயன் உண்டு. இழப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? தெரியத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆய்வு அன்று பள்ளிக்கு வந்திருந்த பிள்ளைகளிலிருந்துதான் மாதிரி எடுத்தது. முடக்கத்தில் அதிகம் இழந்த பிள்ளை, இன்னும் பள்ளிக்குத் திரும்பாமல் தாயோடு எஸ்டேட்டுக்கோ இஞ்சி வயலுக்கோ போய்க்கொண்டிருந்த பிள்ளைதான். அதை எண்ணாமல் இழப்பை அளந்திருக்கிறோம். 2024 டிசம்பர் 4 அன்று 21 லட்சம் மாணவர்களிடம் தேசிய மதிப்பீட்டு அமைப்பான பரக் நடத்திய ஆய்வும் பள்ளிக்குள்ளேயே நின்றது.

பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வு வேறு வழியில் போகிறது. மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. ஆய்வாளர் வீட்டுக்கே போவார். பள்ளிக்குப் போகும் பிள்ளை, நின்றுவிட்ட பிள்ளை, சேராத பிள்ளை எல்லாம் அந்த வீட்டில் இருக்கும். கையில் ஒரே ஒரு தாள். முதலில் நான்கு எளிய வாக்கியங்கள் கொண்ட பத்தியைக் காட்டுவார். தடங்கலின்றி வாசித்தால் இரண்டாம் வகுப்புத் தரத்துக் கதைக்குப் போவார். திணறினால் சொற்களுக்கு இறங்குவார், ஐந்தில் நான்கு சரியாக வர வேண்டும். அதுவும் வரவில்லையென்றால் எழுத்துகள். பிள்ளையின் மேல்படி எதுவோ அதைத் தேடுவதுதான் வேலை. எழுதத் தெரியாத பிள்ளையும் இதில் தன் நிலையைக் காட்டலாம். 2022 ஏசரில் தமிழ்நாட்டுக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பத்தாம் வகுப்பில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தேறும் மாநிலத்தின் மூன்றாம் வகுப்பு அது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நடுவில் எத்தனை பேர் கழன்று போகிறார்கள், எத்தனை பேர் மனப்பாடத்தால் கரையேறுகிறார்கள் என்ற கேள்வி பிறக்கிறது.

ஏசரிடமும் நீலகிரிக்கு ஒரு குறை இருக்கிறது. அந்தத் தாளும் தமிழில்தான்.

பணியர் வீட்டில் பேசும் மொழி மலையாளத்துக்கு நெருக்கமானது. காட்டுநாயக்கர் மொழியும் பெட்டக் குறும்பர் மொழியும் கன்னடத்தின் பக்கம் சாய்பவை. படகர் மொழி தனி மொழி, கோத்தர் மொழி தனி மொழி. ஐந்து வயதில் முதன்முதலாகத் தமிழ் வகுப்பில் உட்காரும் பணியர் பிள்ளை முதல் ஆண்டு முழுக்க வாய் திறக்காமல் இருப்பதைக் கூடலூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் பலரும் சொல்வார்கள். மூன்றாம் வகுப்பில் அது தமிழ் எழுத்துகளைக் கூட்டி ஓசையெழுப்பிப் படிக்கும், பொருள் ஏறாது. அல்லது கணக்கை மனத்தில் சரியாகப் போட்டுவிடும், கேள்வி என்ன கேட்கிறது என்பது பிடிபடாமல் தப்பான கட்டத்தில் குறியிடும். வினாத்தாள் இந்த இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும். ‘படிக்கத் தெரியவில்லை’ என்பதற்கும் ‘தமிழ் இன்னும் வரவில்லை’ என்பதற்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு எழுத்துப் பயிற்சி. இரண்டாவதற்கு அந்தப் பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும். தப்பாக நோயறிந்து ஆண்டாண்டாக எழுத்துப் பயிற்சியையே கொடுத்துக்கொண்டிருந்தால், ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை தனக்குப் படிப்பு வராது என்று தானே முடிவு கட்டிவிடும்.

தோடர் மொழியைப் பாருங்கள். 1930களில் இந்த மலைக்கு வந்து தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த முர்ரே எமனோ அதன் ஒலிகளைப் பதிவு செய்தார். குறில், நெடிலாகப் பதினாறு உயிரொலிகள், தமிழ்க் காதுக்குப் பிரித்தறியவே வராத உரசொலிகள். திராவிட மொழிகளில் ஒலிநுட்பம் மிகுந்தவற்றுள் ஒன்று அது. அந்தக் காதோடு வரும் பிள்ளை, தமிழ் எழுத்தை அடையாளம் காணும் சோதனையில் ‘பின்தங்கிய’ பிள்ளை ஆகிவிடுகிறது.

தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறது. ஒடிசா 2006 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது. குறைகள் இருந்தாலும், பிள்ளையின் மொழியில் கேள்வி கேட்டுப் பார்க்கும் வழி அங்கே உண்டானது. நீலகிரிக்குத் தனிப் பாடநூல்கூட முதலில் வேண்டாம். பணிய மொழி பேசும் இளைஞர்கள் கூடலூரில் இருக்கிறார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் அக்கார்ட் தொண்டு நிறுவனமும் 1980களிலிருந்து வேலை செய்த பகுதி அது. வித்யோதயா போன்ற பள்ளியில் பழங்குடி இளைஞர்களே ஆசிரியர்களாக உருவாகியிருக்கிறார்கள். அடைவு ஆய்வுக்கு வரும் கள ஆய்வாளர்களில் அவர்களைச் சேர்த்து, வாய்மொழிக் கேள்விகளைப் பிள்ளையின் மொழியிலும் தமிழிலும் கேட்டு, இரண்டு விடையையும் தனித்தனியே பதிவு செய்தால் போதும். அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டிய தகவல்.

எண்ணிக்கை சார்ந்த ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். மலையில் பள்ளிகள் சிறியவை. பத்தாம் வகுப்பில் பன்னிரண்டு பேர் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் ஒருவர் தோற்றால் தேர்ச்சி 92 விழுக்காடு, மூவர் தோற்றால் 75. அந்த மூவரில் ஒருவருக்கு அம்மை போட்டிருக்கலாம், ஒருவர் வீட்டில் சாவு நடந்திருக்கலாம். அடுத்த ஆண்டு அதே ஆசிரியர்கள், அதே கற்பித்தல், நூற்றுக்கு நூறு. பாராட்டுச் சான்று கிடைக்கும். தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டைகரும் அமெரிக்காவின் வட கரோலினாப் பள்ளிகளின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். பட்டியலின் உச்சியிலும் அடியிலும் அதிகம் தென்படுவது சிறிய பள்ளிகளே, காரணம் கற்பித்தலின் தரத்தைவிட எண்ணிக்கையின் சிறுமை என்று காட்டினார்கள். ஓராண்டு விழுக்காட்டை வைத்து ஒரு மலைப்பள்ளித் தலைமையாசிரியரை எழுப்பி நிறுத்துவது கணிதப்படியே தவறு. நான்கைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தாலொழிய அந்த எண் எதையும் சொல்லாது.

அழுத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் நீலகிரியிலேயே ஒரு மையத்தில் பிளஸ் டூ கணிதத் தேர்வில் ஆசிரியர்கள் மாணவர்களுக்கு உதவியதாகப் புகார் வந்து, 34 மாணவர்களின் கணித முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளின் மே மாதம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது. ஒரு எண்ணை வைத்து ஆட்களை எடைபோடத் தொடங்கினால் அந்த எண்ணே கெட்டுப்போகும் என்று 1970களில் டொனால்ட் கேம்பல் எழுதியதைக் கல்வி ஆய்வாளர்கள் ஒரு விதியாகவே சொல்வார்கள். மத்தியப் பிரதேசத்தில் அரசே பள்ளிதோறும் நடத்திய மதிப்பீட்டை ஆய்வாளர் அபிஜித் சிங் சோதித்தார். அதே பிள்ளைகளை வெளியாட்களைக் கொண்டு மீண்டும் சோதித்தபோது, அரசுக் கணக்கு அவர்கள் நிலையை மிகவும் உயர்த்திக் காட்டியது தெரிந்தது. தன் வகுப்பைத் தானே சோதித்துத் தானே மேலே அனுப்ப வேண்டிய ஆசிரியர், தன்னைக் காத்துக்கொள்ளும் மதிப்பெண்ணைத்தான் போடுவார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். வகுப்பு எதுவானாலும் பிள்ளை இப்போது நிற்கும் இடத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலைக்கு ஏற்பப் பாடம் நடத்துவது அதன் அடிப்படை. தேர்வின் சரியான வேலை இதுதான். அரும்பில் இருக்கும் பிள்ளைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, அடுத்த நாள் அதற்கான பாடம் கிடைக்கும். ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு மதிப்பீட்டையும் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத பள்ளியிலிருந்து ஆசிரியர் மேட்டுக்கு ஏறி வந்து பதிவு செய்ய வேண்டும். மேலே ஏற்றிய விவரம் கூட்டத்தில் கேள்வியாகத் திரும்பி வரும் என்று தெரிந்ததும் அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும், காகிதத்தில்.

தேர்வே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. கொரோனாவுக்குப் பின் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை அபிஜித் சிங், மவுரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் வீடு வீடாகச் சோதித்தார்கள். 2019இல் எடுத்த அளவோடு ஒப்பிட்டார்கள். இழப்பு பெரிது என்று தெரிந்தது. ஆறே மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதும் தெரிந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கணக்கிட முடிந்தது. தெருவில் மாலை நேரம் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் உழைப்பு வீண் போகவில்லை என்பதை நமக்குச் சொன்னது ஒரு தேர்வுதான். அதில் எந்தப் பள்ளியின் பெயரும் பட்டியலில் ஏறவில்லை, எந்த ஆசிரியரும் விளக்கம் எழுதவில்லை, எந்தப் பிள்ளையும் தோற்கவில்லை. சோதித்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அதனால் பள்ளிக்கு வராத பிள்ளையும் கணக்கில் வந்தது.

நீலகிரியில் அப்படி ஒன்றைச் செய்வது கடினமில்லை. தமிழகப் பள்ளிகளில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்ற கல்வித் தகவல் தொகுப்பில் ஒரு எண் இருக்கிறது. 2016 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 2026 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டியவர்கள். அந்த ஆண்டு மாவட்டத்தில் சேர்ந்த பெயர்களை எடுத்து, எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாறிப் போனார்கள், எத்தனை பேர் எந்த வகுப்போடு மறைந்தார்கள் என்று வட்டம் வாரியாக, சமூகம் வாரியாகக் கணக்கிட்டு, தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ஆறு பழங்குடிச் சமூகங்களுக்கும் ஆறு தனி வரிகள். பந்தலூருக்கு ஒரு வரி, குன்னூருக்கு ஒரு வரி. மறைந்தவர்களின் பட்டியல் குடியிருப்பு வாரியாக வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும். முகவரியோடு போகும் அந்தப் பட்டியலை வைத்து ஜூன் மாதமே வீடு தேடிப் போகலாம். பிள்ளைகளுக்கு இப்போது பதினைந்து, பதினாறு வயதுதான். துணைத்தேர்வுக்கோ தொழிற்பயிற்சிக்கோ அழைத்து வர இன்னும் நேரம் இருக்கிறது.